பழகிப்போன சத்தம்

"கொஞ்சம் சத்தமாப் பேசேன்ப்பா" என்பார். குரலை உயர்த்தினால், "ஏன் இப்படிக் கத்துறே, காது வலிக்குது" என்பார். திருச்சியில் பல வீடுகளில் அன்றாடம் கேட்கிற பேச்சு இது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ, ரயில்வே பணிமனையிலோ, பாய்லர் பட்டறையிலோ முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர் அந்த வீட்டில் இருப்பார். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாடு என்றால் தவில் சத்தம் இரண்டு வீதி தள்ளி வரும்போதே அவருக்குக் கேட்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பேத்தி சொல்வது மட்டும் புரியாது. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, இந்தக் காலத்துப் பிள்ளைங்கதான் வாய்க்குள்ளயே பேசுதுங்க" என்பது அவர் கட்சி. "தாத்தா வேணும்னா கேட்பார், வேணாம்னா கேட்காத மாதிரி இருந்துக்குவார்" என்பது வீட்டாருடைய கட்சி.

இரண்டு கட்சியும் தவறு. பேத்தி தெளிவாகத்தான் பேசுகிறாள். தாத்தாவும் நடிக்கவில்லை. அவருடைய காதில் ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும் பழுதாகியிருக்கிறது. அந்தப் பழுது ஓய்வுபெற்ற பிறகு வந்ததன்று. பெரும்பாலும் அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் பத்தாண்டுகளிலேயே, அவருக்கே தெரியாமல் வந்து சேர்ந்துவிட்டது. மருத்துவத்தில் இதை இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு என்கிறார்கள்.

சுரங்கம் என்றவுடன் நிலத்தடி இருட்டும் கைவிளக்கும்தான் நினைவுக்கு வரும். திருச்சிப் பகுதியின் சுரங்கங்கள் அப்படிப்பட்டவை அல்ல. லால்குடியைத் தாண்டி வடகிழக்கே போனால் கல்லக்குடி வரும். 1953ஆம் ஆண்டுப் பெயர்மாற்றப் போராட்டத்தால் தமிழ்நாடு முழுவதும் அறிந்த ஊர். 1939இல் அங்கே டால்மியா சிமெண்ட் ஆலை வந்ததற்குக் காரணம், அந்த மண்ணுக்கு அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி கடலாக இருந்தது. பவளமும் பாசியும் படிந்து இறுகிய கல் அது. அங்கிருந்து அரியலூர் வரை வெட்டப்படுவது எல்லாம் திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டுப் பாறையில் துளை போடுவார்கள், வெடி வைப்பார்கள், எக்ஸ்கவேட்டரால் அள்ளி டம்பரில் ஏற்றுவார்கள், கிரஷரில் கொட்டி உடைப்பார்கள். இந்த வரிசையில் சத்தமில்லாத வேலை ஒன்றுகூட இல்லை. திறந்தவெளி என்பதால் சத்தத்தில் ஒரு பகுதி வானத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் டிரில் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அதனால் பெரிய ஆறுதல் கிடையாது.

அந்தச் சத்தம் எவ்வளவு? அளக்கும் அலகு டெசிபல் என்பது பலருக்குத் தெரியும். அந்த எண் எப்படி ஏறுகிறது என்பதுதான் தெரியாது. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். அழுத்தக் காற்றில் ஓடும் பாறைத் துளைப்பான், அதைப் பிடித்திருப்பவரின் காதருகே 100 டெசிபலைத் தாண்டும். அறுபதுக்கும் நூறுக்கும் இடையே என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்து ஏறும்போதும் ஒலி ஆற்றல் பத்து மடங்காகிறது. நாற்பது டெசிபல் ஏறினால் பத்தாயிரம் மடங்கு. ஆனால் நம் மூளை அதை அப்படி உணர்வதில்லை. பத்து டெசிபல் ஏறினால் சத்தம் இரட்டித்ததுபோலத்தான் தோன்றும். ஆகவே பேச்சைவிட அந்தத் துளைப்பான் பதினாறு மடங்கு சத்தமாகத் தோன்றும் நேரத்தில், காதின் மேல் விழுகிற ஆற்றல் பத்தாயிரம் மடங்காக இருக்கும். தோன்றுவதற்கும் விழுவதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டில்தான் ஆபத்து முழுவதும் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று. ஒரே சத்தம் போடும் இரண்டு கம்ப்ரசர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால் அளவு 90இலிருந்து 180 ஆகாது, 93தான் ஆகும். காதுக்கு வித்தியாசமே அவ்வளவாகத் தெரியாது. ஆனால் விழும் ஆற்றல் இரட்டிப்பு. எட்டு மணி நேரத்தில் தாங்க வேண்டியதை நாலு மணி நேரத்தில் வாங்கிவிடுகிறோம் என்று பொருள். அளவுமானி இல்லாத இடத்தில் ஓர் எளிய சோதனை உண்டு: கைநீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அங்கே சத்தம் 85 டெசிபலை எட்டியிருக்கும்.

இனிக் காதுக்குள் போகலாம். ஒலி செவிப்பறையை அசைக்கிறது. பறைக்குப் பின்னால் உள்ள மூன்று சிற்றெலும்புகள் அந்த அசைவை உட்செவியிலுள்ள நத்தைச்சுருளுக்குள் அனுப்புகின்றன. மருத்துவர்கள் காக்ளியா என்பது இதைத்தான். பட்டாணி அளவே உள்ள உறுப்பு. இரண்டரைச் சுற்றுச் சுற்றியிருக்கும், நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். உள்ளே திரவம் நிரம்பியிருக்கிறது. அந்தத் திரவத்தினூடே நீளவாக்கில் ஒரு சவ்வு ஓடுகிறது. சவ்வின் மேல் வரிசை வரிசையாக மயிர்ச்செல்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் மிக நுண்ணிய இழைக்கற்றை. ஒலி உள்ளே அலையாகப் பாய்ந்து இழைகளைச் சாய்க்கும்போது செல்லில் மின்குறி பிறக்கிறது. மூளைக்குப் போவது அதுதான்.

அலை எல்லா இடத்திலும் ஒரேபோல உயர்வதில்லை என்பதைக் கண்டவர் கியோர்க் ஃபான் பெக்கேசி. ஹங்கேரியில் தபால்துறையின் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்த பொறியாளர். இறந்தவர்களின் காதுகளிலிருந்து நத்தைச்சுருளைத் திறந்து, சவ்வின் மேல் வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் கீழ் உருப்பெருக்கியால் பார்த்தார். கீச்சென்ற உயர்சுருதிக்கு அலை வாசலருகிலேயே உச்சம் கொண்டு அடங்கிவிடுகிறது. தணிந்த சுருதிக்கு உள்ளே தூரம்வரை போய் உச்சம் கொள்கிறது. ஆகவே நத்தைச்சுருளில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு. 1961இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தாத்தாவின் காதில் ஓரிடம் மட்டும் பழுது என்றேனே, அது வாசலுக்கு அருகிலுள்ள இடம்.

ஒவ்வொரு காதிலும் மயிர்ச்செல்கள் ஏறத்தாழ பதினையாயிரம்தான். நம் கண்ணின் ஒளியுணர் செல்கள் கோடிக்கணக்கில் இருப்பதோடு இதை ஒப்பிட்டால் இயற்கை எவ்வளவு சிக்கனமாக இருந்திருக்கிறது என்று புரியும். அவற்றில் இரண்டு வகை. உள்வரிசைச் செல்கள் மூவாயிரத்து ஐந்நூறு அளவில் இருக்கும். மூளைக்குச் செய்தி அனுப்புவது இவை. வெளிவரிசைச் செல்கள் பன்னிரண்டாயிரம் அளவில் இருக்கும். இவற்றின் வேலை வியப்பானது. மெல்லிய ஒலி வந்தால் இவை தாமே நீண்டு சுருங்கி அந்த அசைவைப் பெருக்கிக் கொடுக்கின்றன. பெரிய ஒலிக்கு இந்த உதவி தேவைப்படுவதில்லை. இரைச்சலில் முதலில் சாவது இந்த வெளிவரிசைச் செல்கள்தான்.

சாவது என்று சொல்லக் காரணம் உண்டு. ஓயாத அசைவில் செல் தன் சக்தியை எல்லாம் செலவிடுகிறது. அப்போது உள்ளே நச்சுத் தன்மையுள்ள துணைப்பொருள்கள் சேர்கின்றன. இழைகளை ஒன்றோடொன்று கட்டும் நுண்கண்ணிகள் அறுகின்றன. சத்தம் நின்ற பிறகும் சில நாள் இந்தச் சேதம் தொடர்கிறது. இறந்த மயிர்ச்செல் மனிதரில் மறுபடி முளைப்பதில்லை. கோழியிலும் காடையிலும் முளைக்கிறது என்று 1988இல் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து மனிதக் காதில் அதை நிகழ்த்த முடியுமா என்று ஆய்வகங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன. இன்றுவரை மருந்துக்கடையில் கிடைக்கிற விடை ஒன்றும் இல்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது காது அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே ஙொய்யென்று ஓர் ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். இதைத் தற்காலிகக் கேள்வரம்பு மாற்றம் என்கிறார்கள். கேள்வரம்பு என்றால் ஒருவருக்குக் கேட்கிற ஆகக் குறைந்த ஒலியளவு. வயலோரப் புல்லில் ஒருவர் ஒருமுறை நடந்து போனால் புல் சாயும், மறுநாள் நிமிர்ந்துவிடும். அதே தடத்தில் நாள்தோறும் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும், அப்புறம் அங்கே புல் முளைப்பதில்லை. இரைச்சல் காதில் செய்வது அதைத்தான். சில வாரம் கழித்து அந்தப் பையனைக் கேட்டால், "இப்பப் பழகிடுச்சு, முன்ன மாதிரித் தெரியல" என்பான். மேஸ்திரியும் தலையாட்டுவார். தோல் காய்த்துப் போவதுபோலக் காதும் உரமேறிவிட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள். காதுக்கு உரமேறுவது என்று ஒன்று கிடையாது. சத்தம் குறைந்ததுபோலத் தோன்றுவது, அதைக் கேட்கும் செல்கள் குறைந்துவிட்டதால் இருக்கலாம். பழகிவிட்டது என்ற அந்தச் சொல்லையே நோயின் முதல் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

மறுநாள் சரியாகிவிடுகிற காதும் முழுமையாகச் சரியாவதில்லை என்பது அண்மைக்காலத்தில் தெரிந்த செய்தி. 2009இல் அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் இருவரும் சுண்டெலிகளை இரண்டு மணி நேரம் இரைச்சலில் வைத்தார்கள். சில நாளில் கேள்வரம்பு பழைய நிலைக்கு வந்துவிட்டது. மயிர்ச்செல்களும் உயிரோடிருந்தன. ஆனால் அந்தச் செல்களை நரம்போடு இணைக்கும் சந்திப்புகளில் பாதியளவு அழிந்துபோயிருந்தன. கேள்திறன் சோதனையில் தேறிவிடுகிற ஒருவருக்குக் கூட்டத்தில் பேச்சு புரியாமல் போவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று இப்போது ஆராய்கிறார்கள்.

வேலைதான் காரணம் என்று எப்படித் தெரியும்? வயதானால் யாருக்கும் காது மந்தமாகத்தானே செய்யும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய முதல் நல்ல ஆய்வு பாய்லர் தொழிலாளிகளிடம் நடந்தது. அக்காலத்தில் பாய்லர் செய்வதென்றால் இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்து இணைப்பார்கள். ஒருவர் வெளியிலிருந்து சம்மட்டியால் அடிக்க, இன்னொருவர் பாய்லர் வயிற்றுக்குள் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பார். 1886இல் கிளாஸ்கோ நகரத்துக் காது மருத்துவர் தாமஸ் பார், நூறு பாய்லர் தொழிலாளிகளையும், அவ்வளவு சத்தமில்லாத வார்ப்படப் பட்டறைத் தொழிலாளிகள் நூறு பேரையும், கடிதம் கொடுக்கும் தபால்காரர்கள் நூறு பேரையும் சோதித்தார். அவர் கையிலிருந்த கருவி ஒரு கடிகாரம். அதன் டிக்டிக் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று ஒவ்வொருவருக்கும் அளந்தார். பாய்லர் தொழிலாளிகளில் சரியான செவித்திறனோடு ஒருவர்கூட இல்லை. பொதுக்கூட்டத்தில் பேச்சைக் கேட்க முக்கால்வாசிப் பேர் திணறினார்கள். தபால்காரர்களிடம் அப்படி இல்லை. மூன்று கூட்டத்தாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் அந்த ஆய்வின் பலம் இருக்கிறது. காதுகெடுவதற்கு ஊர், உணவு, குளிர் என்று சொல்லக்கூடிய சாக்குகள் எல்லாம் அதோடு அடிபட்டுப் போயின. சில ஆண்டுகள் கழித்து ஹாபர்மான் என்ற மருத்துவர், இறந்துபோன உலோகத் தொழிலாளி ஒருவரின் உட்செவியை அறுத்து ஆராய்ந்தார். நத்தைச்சுருளின் வாசல் பகுதியில் செல்கள் அழிந்திருந்தன. பெக்கேசி வருவதற்கு முன்பே உடல் அந்தச் சாட்சியத்தைச் சொல்லியிருக்கிறது.

இனித் திருச்சிக்குத் திரும்பலாம். பொன்மலை ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்தது 1920களில். நீராவி எஞ்சின் காலம் அது. திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயரழுத்த பாய்லர் ஆலை 1960களில் வந்தது. அதற்குள் ரிவெட் போய் வெல்டிங் வந்துவிட்டிருந்தது. வலிமையும் சிக்கனமும் கருதிச் செய்த மாற்றம்தான் அது. ஆனால் உலகெங்கும் காதுகளைக் காத்ததில் அதைவிடப் பெரிய மாற்றம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கிரைண்டிங், சிப்பிங், தகடு தட்டும் சத்தம் இன்னும் போகவில்லை. துவாக்குடி, திருவெறும்பூர் பக்கத்துச் சிறு பட்டறைகளில் அதை நின்று கேட்கலாம்.

இன்று கடிகாரத்துக்குப் பதிலாக ஆடியோமீட்டர் இருக்கிறது. சத்தம் புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, 250இலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் ஆகக் குறைந்த எந்த அளவில் கேட்கிறது என்று குறித்து ஒரு வரைகோடு போடுகிறார்கள். வயதால் வரும் மந்தம் என்றால் கோடு உயர்சுருதிப் பக்கம் சரிந்துகொண்டே போகும். இரைச்சலால் வந்தது என்றால், தொடக்கத்தில், 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழுந்து 8000இல் மறுபடி ஏறும். டம்பரின் தணிந்த உறுமலில் வேலை செய்தவருக்கும் கிரஷரில் நின்றவருக்கும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் பள்ளம். சத்தங்கள் வெவ்வேறு, தழும்பு ஒன்று. ஏன்?

காரணம் காதின் அமைப்பில் இருக்கிறது. வெளிக்காதுக் குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழல். அந்த நீளத்துக்கு 3000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஒலி அதில் தானாகவே பத்து டெசிபலுக்கு மேல் பெருகும். எந்த இயந்திரமானாலும் அதன் சத்தத்தில் அந்தச் சுருதி கொஞ்சமாவது கலந்திருக்கும். உட்செவியில் சேதமோ விழுந்த சுருதிக்குச் சற்று மேலே, அரை ஸ்தாயி தள்ளித்தான் அதிகம் ஏற்படும். இரண்டையும் சேர்த்தால் 4000 வருகிறது. காதுக்கு ஒரு தற்காப்பும் உண்டு. பெரிய சத்தம் வந்தால் நடுச்செவியின் குட்டித் தசை இறுகி எலும்புகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது தணிந்த சுருதிகளைத்தான் நன்றாகத் தடுக்கும். உயர்சுருதிக்கு அவ்வளவு பயனில்லை. அதோடு, இறுகுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் வேண்டும். வெடிச்சத்தம் அதற்குள் உள்ளே போய்விடும்.

இந்தப் பள்ளம் விழுந்த இடம்தான் கொடுமை. பேச்சின் உரத்த பகுதியான உயிரொலிகள் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கின்றன. பழைய தொலைபேசிக் கம்பியில் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் வராது, ஆனாலும் பேச்சு புரிந்தது. ஆகவே 4000இல் பள்ளம் விழுந்தவருக்குத் தொலைபேசியும் கேட்கும், எதிரே நின்று பேசுபவரும் கேட்பார். கொள்ளிடக் கரையில் இரவில் சில்வண்டு கேட்காமல் போயிருக்கும். அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆண்டுகள் போகப் போகப் பள்ளம் அகன்று 3000, 2000 என்று கீழே இறங்கும்போதுதான் மெய்யெழுத்துகள் உதிரத் தொடங்கும். ச, ட, த, க, ப ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற குறிகள் எல்லாம் அந்த உயர்சுருதிப் பக்கம்தான், அதுவும் மிக மெல்லிய அளவில் இருக்கின்றன. கடை, தடை, படை, சடை நாலும் அவருக்கு ஒன்றுபோலக் கேட்கும். குழந்தைகள் குரலும் பெண்கள் குரலும் இயல்பிலேயே சுருதி கூடியவை, அவை முதலில் மங்கும். ஃபேன் சத்தமோ டிவி சத்தமோ கூடச் சேர்ந்தால் மிச்சமிருந்ததும் மூழ்கிவிடும்.

தொடக்கத்தில் சொன்ன புதிர் இங்கே அவிழ்கிறது. மெல்லிய ஒலியைப் பெருக்கும் வெளிவரிசைச் செல்கள் போய்விட்டதால் மெல்லியது கேட்பதில்லை. பெரிய ஒலிக்கு அவை தேவையில்லை என்பதால் பெரியது பழையபடியே முழு வீச்சில் வந்து விழுகிறது. கேட்கவில்லை என்பதற்கும் வலிக்கிறது என்பதற்கும் நடுவே இருந்த விசாலமான இடம் குறுகிவிட்டது. நாம் கத்தும்போது பெருகுவதும் உயிரொலிகள்தான். அவை அவருக்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தவை. தேவைப்படுகிற மெய்யொலி பின்தங்கியே நிற்கிறது. அதனால் கத்த வேண்டாம். முகத்தைப் பார்த்து, டிவியை நிறுத்திவிட்டு, நிதானமாகச் சொன்னால் பாதிச் சிக்கல் தீரும். காதுக் கருவி உதவும்தான், ஆனால் ஒலியைப் பெருக்க முடிகிற அளவுக்கு அதனால் தெளிவைத் திருப்பித் தர முடியாது.

சட்டம் இதை எப்போது கண்டுகொண்டது? சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1975இல் விட்ட சுற்றறிக்கை 85 டெசிபலை எச்சரிக்கை எல்லை என்றும் 90ஐ ஆபத்து எல்லை என்றும் வகுத்தது. 115ஐத் தாண்டும் இடத்துக்குக் காதுக்காப்பு இல்லாமல் போகக்கூடாது, 140க்கு மேல் யாருமே போகக்கூடாது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நுரையீரலுக்குக் கிடைத்த கவனத்தோடு இதை ஒப்பிட வேண்டும். தமிழ்த் தொழிலாளர் ஏராளமாகப் போய் உழைத்த கோலார் தங்க வயலில், பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸுக்கு மைசூர் அரசு 1940இலேயே விதிகள் வகுத்தது. 1952இல் அந்நோய் சுரங்கச் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவும் ஆனது. அதே துளைப்பானிலிருந்து அதே மனிதரின் காதுக்குப் போன சத்தம் அந்தப் பட்டியலில் ஏறியது 2011இல்தான். இடையே அறுபது ஆண்டு. சிலிக்கோசிஸ் வந்தவர் இருமுவார், இளைப்பார், இளவயதில் சாவார். காதுகெட்டவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் சும்மா இருந்ததே அவருக்கு எதிராகப் போய்விட்டது.

தொழிற்சாலைகளுக்கான விதிகளில் இன்னொரு குறை. 90 டெசிபலில் எட்டு மணி, 95இல் நாலு மணி, 100இல் இரண்டு மணி என்று அவை அனுமதிக்கின்றன. ஐந்து டெசிபலுக்கு நேரத்தைப் பாதியாக்கும் கணக்கு இது. மூன்று டெசிபலிலேயே ஆற்றல் இரட்டிக்கிறது என்று முன்பு பார்த்தோம். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 85இல் தொடங்கி மூன்று மூன்றாகக் கணக்கிடச் சொல்கிறது. அதன்படி 100 டெசிபலில் ஒருவர் காதுக்காப்பு இல்லாமல் நிற்கக்கூடியது பதினைந்து நிமிடம். இரண்டு மணி எங்கே, பதினைந்து நிமிடம் எங்கே? இயற்பியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இயர் பிளக் கொடுத்துவிட்டோம், அவர்கள்தான் போடுவதில்லை என்று மேலாளர்கள் சொல்வதுண்டு. இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். 30 டெசிபல் குறைக்கும் அருமையான காதடைப்பான் ஒன்றை எட்டு மணி நேரமும் போட்டிருந்தால் உள்ளே போகும் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் 48 நிமிடம் மட்டும் கழற்றிவிட்டால், அந்தப் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முழு ஆற்றலும் உள்ளே வந்துவிடுகிறது. 30 டெசிபல் பாதுகாப்பு 10 ஆகச் சுருங்குகிறது. பாதி ஷிஃப்ட் கழற்றியிருந்தால் மிஞ்சுவது வெறும் மூன்று. சித்திரை, வைகாசி வெயிலில் திருச்சியில் காதுக்குள் வியர்வை ஓடும்போது எட்டு மணி நேரம் கழற்றாமல் இருப்பது எளிதா? கழற்றுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பின்னால் டம்பர் வரும் ஹாரன் கேட்க வேண்டும், வெடிக்கு முன் ஊதும் சைரன் கேட்க வேண்டும், எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை ஓட்டுநர் காதால்தான் அறிகிறார். ஏற்கெனவே காது பாதி போனவருக்கு அடைப்பானும் போட்டால் ஒன்றுமே கேட்காது, உயிருக்கே பயம். இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

ஆகவே முதலில் அடக்க வேண்டியது இயந்திரத்தை. டிரில்லின் காற்றுவாயில் சைலன்சர், கிரஷர் வாயில் கல் விழும் தகட்டுக்கு ரப்பர் படுக்கை, வெடியும் துளையும் இல்லாமல் சுண்ணாம்புக்கல்லைச் சீவியெடுக்கும் சர்ஃபேஸ் மைனர் இயந்திரம் என்று வழிகள் இருக்கின்றன. டம்பருக்கு மூடிய கேபின் நல்ல பாதுகாப்பு, ஆனால் ஏசி பழுதானால் நாற்பது டிகிரி வெயிலில் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கித்தான் ஆக வேண்டும். சத்தம் முழுவதும் உள்ளே வந்துவிடும். கேபின் ஏசியைப் பழுதுபார்ப்பதைச் சொகுசுக் கணக்கில் எழுதாமல் செவிப் பாதுகாப்புக் கணக்கில் எழுத வேண்டும்.

அடுத்தது சோதனை. இழப்பு வேகமாக நடப்பது முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்பது சுரங்க விதிகளில் நெடுநாளாக உள்ள ஏற்பாடு. அப்படிப் பார்த்தால் பள்ளம் விழுந்து ஆழமான பிறகுதான் அடுத்த சோதனை வரும். காதே ஒலி எழுப்புகிறது என்று டேவிட் கெம்ப் 1978இல் கண்டுபிடித்தார். வெளிவரிசைச் செல்கள் நீண்டு சுருங்கும்போது அவற்றின் அசைவு வெளியே கசிந்து, காதில் வைத்த நுண்மைக்கில் பதிவாகிறது. பச்சிளங் குழந்தைகளின் காதைச் சோதிக்க இந்த முறையை மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். அந்த ஒலி மங்குவது, ஆடியோமீட்டர் கோட்டில் பள்ளம் விழுவதற்கு முன்பே தெரியவரலாம். தொழிலாளி பதில் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. சில நிமிட வேலை.

ஒப்பந்தத் தொழிலாளர்தான் இதில் மிகவும் கைவிடப்பட்டவர்கள். இந்த ஆண்டு ஒரு குவாரி, அடுத்த ஆண்டு வேறொரு கிரஷர், அதற்கடுத்து ஒரு பட்டறை என்று போகிறவருக்கு, வேலைக்குச் சேர்ந்த நாளில் காது எப்படி இருந்தது என்பதற்குப் பதிவே இருப்பதில்லை. எந்த இடத்தில் கெட்டது என்று பிறகு யாரும் நிரூபிக்க முடியாது, இழப்பீடும் கிடைக்காது. முதல் நாள் வரைகோடும் ஆண்டுக்கொருமுறை எடுக்கும் வரைகோடும் முதலாளியின் கோப்பில் மட்டும் கிடக்காமல், ஒரு படி அவர் கையிலேயே இருக்க வேண்டும். அதை எடுக்கும் நேரமும் முக்கியம். ஷிஃப்ட் முடிந்த கையோடு எடுத்தால் அன்றைய தற்காலிக மாற்றமும் கோட்டில் சேர்ந்துவிடும். சத்தத்திலிருந்து குறைந்தது பதினாலு மணி நேரம் விலகியிருந்த பிறகு, விடுமுறைக்கு மறுநாள் காலையில், வேலைக்கு இறங்குவதற்கு முன் எடுக்க வேண்டும்.